பீடம் எங்கே நிற்கிறது?

கிறிஸ்தவ ஆலயம் ஒன்றின் தலைவாசலைக் கடந்து உள்ளே நுழைபவரின் பார்வை முதலில் எதில் போய் நிற்கிறதோ, அதைக் கொண்டே அந்த ஆலயம் எந்தத் திருச்சபையைச் சேர்ந்தது என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிட முடியும். கத்தோலிக்க ஆலயத்தில் பலிபீடமும் நற்கருணைப் பேழையும், கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் ஆலயத்தில் திருவுருவங்கள் நிறைந்த ஒரு தடுப்பும், பிரெஸ்பிட்டேரியன் ஆலயத்தில் உயர்ந்த பிரசங்க மேடையும், பெந்தெகொஸ்தே சபையில் இசைக்கருவிகள் கொண்ட அகன்ற மேடையும் கண்ணை இழுக்கின்றன. கோபுரம், வண்ணக் கண்ணாடி, கூரிய வளைவு ஆகிய வெளித்தோற்ற அம்சங்கள் காலத்துக்கும் வசதிக்கும் ஏற்ப ஒரு சபையிலிருந்து இன்னொரு சபைக்குத் தாராளமாகக் கைமாறியிருக்கின்றன. ஆனால் பீடமும் பிரசங்க மேடையும் மக்களின் இருக்கைகளும் ஒன்றுக்கொன்று எந்த இடத்தில் வைக்கப்படுகின்றன என்பது, இறைவன் தம் மக்களைச் சந்திப்பது எவ்வாறு என்ற கேள்விக்கு அந்தச் சபை தரும் விடையாகவே இருந்துவந்திருக்கிறது.

தொடக்க நூற்றாண்டுகளில் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் வீடுகளில்தான் கூடினார்கள். சிரியாவில் யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் இருந்த துரா யூரோப்பஸ் என்ற எல்லைக் காவல் நகரில் 1930களில் அகழ்ந்தெடுக்கப்பட்ட வீடு இதற்குக் கிடைத்துள்ள மிகச் சிறந்த சான்றாகும். மூன்றாம் நூற்றாண்டின் முற்பாதியில் அவ்வீட்டின் இரண்டு அறைகளுக்கு இடையிலிருந்த சுவரை இடித்து ஒரே கூடமாக்கியிருக்கிறார்கள். சிறிய அறை ஒன்றில் ஞானஸ்நானத் தொட்டியை அமைத்து, அந்த அறையின் சுவர்களில் ஆட்டைத் தோளில் சுமக்கும் நல்ல மேய்ப்பனையும், நீர்மேல் நடக்க முயலும் பேதுருவையும், படுக்கையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் முடக்குவாதக்காரனையும் தீட்டியிருக்கிறார்கள். 256ஆம் ஆண்டளவில் பாரசீகச் சசானியர் முற்றுகையிட்டபோது நகர மதிலை வலுப்படுத்துவதற்காகக் கொட்டப்பட்ட மண்ணுக்குள் புதைந்ததனால்தான் அந்த ஓவியங்கள் அழியாமல் தப்பின. கூட்ட அறையை வெறுமையாக விட்டுவிட்டு, புதிதாக வருபவரைச் சபைக்குள் பிறப்பிக்கும் அறையை மட்டும் அச்சிறு கூட்டத்தார் அலங்கரித்தார்கள் என்பது அவர்களுக்கு எது முதன்மையானது என்பதை எந்த ஏட்டையும் விடத் தெளிவாகக் காட்டுகிறது.

313ஆம் ஆண்டில் ரோமப் பேரரசு வழிபாட்டுரிமை வழங்கிய பிறகு, கான்ஸ்டன்டைன் பேரரசரின் ஆதரவில் பெரிய ஆலயங்கள் எழுந்தபோது, கட்டடக் கலைஞர்கள் பழைய தெய்வங்களின் கோயில்களை முன்மாதிரியாகக் கொள்ளவில்லை. அக்கோயில்கள் தெய்வத்தின் சிலை உறையும் இடங்களாக இருந்தனவே தவிர, திரளான மக்கள் உள்ளே கூடி நிற்பதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. ஆகவே நீதிமன்றமாகவும் வணிகக் கூடமாகவும் பயன்பட்ட பசிலிக்கா என்ற நீண்ட மண்டபத்தின் வடிவம் எடுத்துக்கொள்ளப்பட்டது. இரு புறமும் தூண் வரிசைகள், நடுவே அகன்ற பாதை, கோடியில் அரைவட்ட மாடம் என்ற அந்த அமைப்பில், அதிகாரி அமர்ந்த இடம் ஆயரின் இருக்கைக்கும், அதன் முன்னிடம் பலிபீடத்துக்கும் உரியதாயிற்று. உயிர்த்தெழுதலின் நினைவாகச் சூரியன் எழும் கிழக்கை நோக்கி வேண்டுதல் செய்யும் வழக்கம் பல ஆலயங்களின் திசையைத் தீர்மானித்தது. ஞானஸ்நானத் தொட்டிகள் பல எண்கோண வடிவில் அமைந்ததும் இதே சிந்தனையின் தொடர்ச்சிதான்: படைப்பின் வாரம் ஏழு நாள்களில் முடிய, கிறிஸ்து உயிர்த்த நாள் எட்டாவது நாளாக, புதிய படைப்பின் தொடக்கமாக எண்ணப்பட்டது.

கிழக்கத்திய உலகம் நீண்ட மண்டபத்தைக் காட்டிலும் குவிமாடத்தை விரும்பிற்று. ஜஸ்டீனியன் பேரரசரின் ஆணையால் 532 முதல் 537 வரை ஐந்தே ஆண்டுகளில் கான்ஸ்டான்டிநோப்பிளில் எழுந்த ஹாகியா சோபியாவின் குவிமாடம், ஏறத்தாழ 31 மீட்டர் விட்டம் கொண்டதாக, அடிவிளிம்பில் சுற்றிலும் திறந்த 40 சாளரங்களின் ஒளியில் மிதப்பது போலத் தோன்றுகிறது. ஆர்த்தடாக்ஸ் மரபில் குவிமாடம் வானம், அதன் கீழே உள்ள தளம் பூமி. உச்சியில் அனைத்தையும் ஆளும் கிறிஸ்துவின் உருவம் தீட்டப்படுகிறது. பீடத்துக்கும் மக்களுக்கும் இடையே நிற்கும் திருவுருவத் தடுப்புக்கு ஐகனோஸ்டாசிஸ் என்று பெயர். அதன் நடுவில் அரச வாயில். மக்கள் நோக்கில் வாயிலின் வலப்புறம் கிறிஸ்துவும் இடப்புறம் குழந்தையை ஏந்திய மரியாவும். வாயிற்கதவுகளில் வானதூதர் மரியாவுக்கு மங்கள வார்த்தை சொல்லும் காட்சி. இத்தடுப்பை மக்களை விலக்கிவைக்கும் சுவராகக் காண்பது வெளியாரின் பார்வை. வழிபாட்டின் போக்கில் அக்கதவுகள் திறந்தும் மூடியும், நற்செய்தி நூலும் அப்பமும் இரசமும் அவ்வழியே பவனியாக வருவதைக் காண்பவர்களுக்கு, அது விண்ணும் மண்ணும் சந்திக்கும் எல்லையாகவே விளங்குகிறது. உயிர்ப்புப் பெருவிழாவைத் தொடர்ந்து வரும் வாரம் முழுவதும் அக்கதவுகள் மூடப்படுவதே இல்லை, ஏனெனில் கல்லறை திறந்துவிட்டது. ஆர்மீனியத் திருச்சபையில் இத்தகைய தடுப்புக்குப் பதிலாகத் திரை உண்டு; தவக்காலம் முழுவதும் பீடத்தை மறைத்து அது மூடியே கிடக்கும். கேரளத்தின் சிரியன் திருச்சபைகளும் திருப்பலியின் குறிப்பிட்ட கட்டங்களில் திரையை இழுத்தும் விலக்கியும் இதே உணர்வைப் புலப்படுத்துகின்றன.

மேற்கத்திய ஐரோப்பா மறைபொருளைத் திரைக்குப் பின்னால் வைப்பதோடு ஒளியிலும் தேடியது. பாரிசுக்கு அருகில் உள்ள செயின்ட் டெனி மடாலயத்தில், மடத்தலைவர் சூஜே 1144இல் அபிஷேகம் செய்வித்த பீடப்பகுதியில் கூரிய வளைவுகளும் விலாவளைவுக் கூரையும் சேர்ந்து சுவரின் பாரத்தைக் குறைத்ததால், அந்த இடத்தை வண்ணக் கண்ணாடி நிரப்ப முடிந்தது. கோதிக் பாணி என்று பின்னாளில் அழைக்கப்பட்ட அந்தக் கலை அங்கிருந்து ஐரோப்பா முழுவதும் பரவிற்று. எனினும், அந்த ஒளியின் அழகுக்கு நடுவிலேயே பல ஆலயங்களில் பீடப்பகுதி குருக்களுக்கு உரியதாக அடைபட்டு, மக்கள் தொலைவில் நின்று பார்ப்பவர்களாகிவிட்டார்கள் என்பதும் உண்மை.

சீர்திருத்த இயக்கம் கைவைத்தது இந்த இடைவெளியில்தான். ஜெர்மனியில் டோர்காவ் நகரின் ஹார்ட்டன்ஃபெல்ஸ் கோட்டைக்குள் உள்ள சிற்றாலயத்தை 1544 அக்டோபர் 5 அன்று மார்ட்டின் லூத்தர் பிரதிஷ்டை செய்தார். சீர்திருத்தச் சபைக்கென்றே முதன்முதலில் கட்டப்பட்ட ஆலயங்களுள் அது ஒன்று. செவ்வக வடிவிலான எளிய கூடம், தனியான பீடப்பகுதி கிடையாது, சுற்றிலும் மாடிகள். நீண்ட சுவர் ஒன்றின் நடுவில், கீழே அமர்ந்தவரும் மாடியில் இருப்பவரும் ஒருங்கே பார்க்கவும் கேட்கவும் ஏற்ற உயரத்தில், பிரசங்க மேடை பதிக்கப்பட்டிருக்கிறது. அதன் முகப்பில் மூன்று சிற்பக் காட்சிகள்: ஆலயத்தில் அறிஞர்களுடன் உரையாடும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் இயேசு, கல்லெறிபட இருந்த பெண்ணை அவர் மன்னிப்பது, வணிகர்களை ஆலயத்திலிருந்து விரட்டுவது. வேத வாக்கு, கிருபை, வழிபாட்டின் தூய்மை ஆகிய சீர்திருத்தத்தின் மைய வாதங்களே அங்கே கல்லில் நிற்கின்றன. பீடமோ நான்கு வானதூதர்கள் தாங்கும் எளிய மேசையாகிவிட்டது. லூத்தர் படங்களைப் பகைக்கவில்லை. 1524இல் சூரிச் நகரத்தார் ஆலயங்களிலிருந்து திருவுருவங்களை அகற்றியபோது, அந்நகரின் சீர்திருத்தவாதி ஸ்விங்ளியைப் பின்பற்றியவர்களின் நோக்கம் வேறாக இருந்தது. கேட்கப்படும் வார்த்தையைத் தவிர வேறெதுவும் மனத்தைப் பிடித்துக்கொள்ளலாகாது என்று அவர்கள் அஞ்சினார்கள்.

பீடத்துக்கும் மக்களுக்கும் இடையிலான இந்தத் தொலைவைக் கத்தோலிக்கத் திருச்சபையும் தட்டிக்கழிக்கவில்லை. சீர்திருத்தத்துக்கு மறுமொழியாகக் கூடிய ட்ரென்ட் பொதுச்சங்கத்துக்குப் பின் ரோமில் இயேசு சபையார் கட்டி 1584இல் அபிஷேகமான ஜெசு ஆலயத்தில், பக்கவரிசைத் தூண்களும் பீடத்தை மறைக்கும் தடுப்பும் நீக்கப்பட்டு, ஒரே அகன்ற கூடத்தின் எந்த மூலையிலிருந்தும் பலிபீடம் தெரிவதோடு மறையுரையும் கேட்கும்படி செய்யப்பட்டது.

இந்த வேறுபாடுகளைப் பார்க்க ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. சென்னை நகரே போதும். ஆர்மீனியன் தெருவில் 1772இல் எழுந்த ஆர்மீனிய ஆலயமும், எழும்பூரில் 1821இல் திறக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் கர்க்கும் இரு வேறு உலகங்கள். ஸ்காட்லாந்துப் பிரெஸ்பிட்டேரியன்களுக்காகத் தாமஸ் டி ஹாவிலண்ட் கட்டிய இந்த ஆலயம், இளகிய மண்ணில் கிணறுகளை இறக்கி அவற்றையே அடித்தளமாகக் கொண்டு நிற்கிறது. அதன் வட்டமான கூடத்தின்மேல், 16 தூண்கள் தாங்கும் குவிமாடம் ஆழ்ந்த நீலத்தில் பொன் விண்மீன்களுடன் விரிகிறது. ரோமின் புனித பேதுரு பேராலயத்தில் மாபெரும் குவிமாடம் பலிபீடத்துக்கு நேர் மேலே நிற்க, இங்கே அது சபையாரின் இருக்கைகளுக்கு மேலே கவிகிறது. திருச்சபை என்பது கூடியிருக்கும் மக்களே என்ற பிரெஸ்பிட்டேரியன் நம்பிக்கைக்கு இதைவிடப் பொருத்தமான கூரையைக் கற்பனை செய்வது கடினம்.

பீடத்தை அறவே விட்டுவிட்டவர்களும் உண்டு. குவேக்கர்களின் கூட்டக்கூடத்தில் பீடமும் இல்லை, பிரசங்க மேடையும் இல்லை. மரபான அமைப்பில் பெஞ்சுகள் மட்டுமே இருக்கும், ஆவியானவர் யாரை ஏவுகிறாரோ அவர் எழுந்து பேசுவார். பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகளில் ஞானஸ்நானத் தொட்டி, விசுவாசி முழுவதுமாக மூழ்கி எழும் அளவுக்குப் பெரிதாகிறது. பல இடங்களில் அது வாசலருகிலிருந்து இடம்பெயர்ந்து, சபையார் அனைவரும் காணும்படி முன்மேடைக்கே வந்துவிட்டது.

ஆலய வரைபடம் இறையியலை மட்டுமே சுமக்கிறது என்று சொல்லிவிட்டால் அது பாதி உண்மையாகிவிடும். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கத்தோலிக்க ஆலயத்தில், இரண்டு கூடங்கள் ஒரே பலிபீடத்தில் வந்து சேரும்படி கோணமாக அமைந்திருந்தன; ஒரு சாதியார் இன்னொரு சாதியாரைப் பார்க்காமலே திருப்பலி காண்பதற்காகவே அந்த அமைப்பு. 1910இல் அந்தப் பிரிவினை நீக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பு நீதிமன்றம் வரை சென்றது. ஒரே அப்பத்தில் பங்குகொள்பவர்களைச் சுவரால் பிரித்த கட்டடம், கிறிஸ்தவக் கட்டடக் கலையின் வரலாற்றில் மறைக்கப்படாமல் எழுதப்பட வேண்டிய பக்கம்.

இருபதாம் நூற்றாண்டில் பீடம் மீண்டும் நகர்ந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழிபாட்டுச் சீர்திருத்தத்தைத் தொடர்ந்து, தலைமைப் பீடம் சுவரிலிருந்து விலகி, குரு மக்களை நோக்கி நின்று திருப்பலி நிறைவேற்றத்தக்கதாக இருப்பது நல்லது என்று 1964இல் ரோம் அறிவுறுத்தியது. பழைய கத்தோலிக்க ஆலயங்கள் பலவற்றில் சுவரையொட்டிய வேலைப்பாடு மிக்க பழைய பீடமும், அதன் முன்னே எளிய புதிய பீடமும் சேர்ந்து காணப்படுவதன் காரணம் இதுவே. தென்னிந்தியத் திருச்சபை இவ்வகையில் ரோமையும் முந்திக்கொண்டது. ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் இணைந்து 1947இல் உருவான அத்திருச்சபை 1950இல் வகுத்த திருவிருந்து முறைமையில், குருவானவர் மேசைக்குப் பின்னால் மக்களை நோக்கி நின்றார். ஸ்காட்லாந்து மரபைப் போல வழிபாட்டின் தொடக்கத்தில் வேதாகமம் உள்ளே ஏந்திவரப்பட்டது. கேரளத்தின் சிரியன் திருச்சபையிலிருந்து பெறப்பட்ட வழக்கப்படி, சமாதான வாழ்த்து மேசையில் தொடங்கி, கைகளிலிருந்து கைகளுக்கு மாறிக் கடைசி வரிசை வரை சென்றது.