தரையில் விழுந்த குளிசை

மருந்து ட்ரொலி கட்டிலருகே வந்து நிற்கிறது. கடதாசி உறையிலிருந்து கொட்டும்போதோ, நோயாளியின் கை நடுங்கியோ ஒரு குளிசை தரையில் விழுந்துவிடுகிறது. பக்கத்தில் நிற்கும் உறவினர் முந்திக்கொள்வார்: "பரவாயில்ல மிஸ், தொடச்சிட்டுத் தாங்க." கேட்க வேண்டியவரே விட்டுக்கொடுத்துவிடுவதால் காரியம் அதோடு முடிகிறது. விழுந்த குளிசை கழிவுக்குப் போக வேண்டும், நோயாளிக்குப் புதியது வர வேண்டும் என்பதே தாதியர் பணியின் ஏற்கப்பட்ட நடைமுறை.

வீட்டுத் தரையும் வார்ட் தரையும் ஒன்றல்ல. அமெரிக்காவின் கிளீவ்லண்ட் பகுதியில் ஐந்து வைத்தியசாலைகளின் 159 நோயாளர் அறைகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு, மருந்துக்கு எளிதில் அடங்காத கிருமிகள் தரையில் அடிக்கடி இருப்பதைக் காட்டியது. கட்டிலையும் மேசையையும் கவனமாகத் துடைக்கிறார்கள், தரையை அந்தளவுக்குப் பொருட்படுத்துவதில்லை என்பதே அதன் கவலை. உடனே எடுத்துவிட்டால் ஒட்டாது என்ற நம்பிக்கையும் நிற்காது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் உணவுப் பொருள்களை வைத்துச் செய்த, 2016இல் வெளியான சோதனையில், சில வேளைகளில் ஒரு நொடிக்குள்ளேயே பற்றீரியா தாவியிருந்தது. ஈரமான பொருளில் அதிகம் ஒட்டியது. குளிசை காய்ந்த பொருள்தானே என்பீர்கள். வார்ட் தரை எப்போதும் காய்ந்திருப்பதில்லை. அதை விழுங்குபவரும் நலமான ஆளில்லை. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர், சிறுநீரக நோயாளி, பச்சைக் குழந்தை என்று எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் அங்கேதான் படுத்திருக்கிறார்கள்.

கழுவிக் கொடுத்தால் என்ன? குடலில் போய்க் கரைய வேண்டும் என்பதற்காகவே சில குளிசைகளுக்கு மேற்பூச்சுப் பூசியிருக்கிறார்கள். நனைந்தால் அது கெடும், மருந்தின் அளவும் குறையும்.

கிருமியைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. யாரும் பார்க்காமல் விழுந்த குளிசை. நோயாளி விழுங்கிவிட்டார் என்று ஏட்டில் எழுதப்படும், மருந்து கட்டிலுக்கடியில் கிடக்கும். வலிப்பு நோயாளிக்கு மீண்டும் வலிப்பு வர ஒரு வேளை தவறுவதே போதுமாகலாம். இதன் மறுபக்கமும் கெட்டது: விழுந்ததா, விழுங்கினாரா என்று தெரியாமல் இன்னொன்றைக் கொடுத்துவிட்டால், வோபரின், டிகொக்சின் போன்ற மருந்துகளில் இரட்டை அளவு உயிருக்கே உலை வைக்கலாம். அதனால் சந்தேகம் வந்தால் தாதி தானாக முடிவெடுக்காமல் வைத்தியரைக் கேட்கிறார். தாமதிக்கிறார் என்று அவரைக் கோபிக்காதீர்கள். மோர்பின் போன்ற கட்டுப்பாட்டு மருந்து விழுந்தால், இன்னொருவர் சாட்சியாக நிற்க அழித்து ஏட்டில் பதிய வேண்டும். கீழே விழுந்த ஊசியில் பேச்சுக்கே இடமில்லை. அது மீண்டும் உடலில் ஏறக்கூடாது.

இவ்வளவும் எல்லாத் தாதியருக்கும் தெரியும். பிறகு ஏன் துடைத்துக் கொடுக்கும் பழக்கம் மிஞ்சுகிறது? இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்து கிடைக்காமல் துண்டெழுதி வெளியில் வாங்கிவரச் சொன்ன காலத்தைக் கடந்து வந்தவர்கள் நாம். ஒரு குளிசையை எறிவது பாவமாகத் தெரிகிறது. எறிந்ததற்குக் கணக்குச் சொல்ல வேண்டுமே என்ற பயமும் சேரும். என் அபிப்பிராயத்தில் பிழை அந்தப் பயத்தை வளர்க்கும் நிர்வாகத்தில்தான் அதிகம். "விழுந்தது, எறிந்தேன்" என்று ஒரு வரி எழுதினால் போதும் என்ற நிலை எல்லா வார்ட்டிலும் இருக்க வேண்டும். தரமற்ற இம்யூனோகுளோபியூலின் மருந்து விவகாரத்தில் முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல 2024 பெப்ரவரியில் கைதானபோது நாடே பேசியது. தரையில் விழுந்த குளிசைக்கு அப்படிச் செய்தி வராது. நோயாளிதான் வாய் திறக்க வேண்டும்.

எப்படிக் கேட்பது? மாத்தளை மாவட்டத்தின் பல்லேபொல போன்ற, சிங்களம் அதிகம் பேசும் பகுதிகளில் தமிழ் பேசும் நோயாளியின் வாயை அடைப்பது பெரும்பாலும் மொழிதான். "மிஸ், பெத்த பிம வெட்டுனா, வென எகக் தென்ன" (குளிசை கீழே விழுந்துவிட்டது, வேறொன்று தாருங்கள்) என்று சிங்களத்தில் சொன்னால் போதும். தமிழில் கேட்டாலும் குற்றமில்லை. தமிழும் ஆட்சி மொழி. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. மாத்தளைக்கோ கண்டிக்கோ மாற்றி அனுப்பினாலும் அந்த உரிமை கூடவே வரும்.

புதிய குளிசை தர மறுத்தால் வார்ட் சிஸ்டரிடம் சொல்லுங்கள். அதற்கும் மேலே பணிப்பாளர் இருக்கிறார். திகதி, நேரம், மருந்தின் பெயர், கட்டில் இலக்கம் ஆகியவற்றை அன்றே குறித்துவையுங்கள். உங்கள் சிகிச்சைப் பதிவை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுத்தில் கேட்கலாம். பதினான்கு வேலை நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தனியார் வைத்தியசாலையென்றால் முறைப்பாடு தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபைக்குப் போகும்.

ஒரு குளிசைக்காக யாரும் உயர் நீதிமன்றம் போகப் போவதில்லை. ஆனால் அலட்சியத்தால் உண்மையில் உடல் பாதிக்கப்பட்டால் கதை வேறு. நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு வருடம் அவகாசம் உண்டு. அரச வைத்தியசாலைக்கு எதிரான அடிப்படை உரிமை மனுவுக்கோ ஒரே மாதம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் தொலைபேசி 1996. அந்த ஒரு மாதத்தைத் தவறவிடாதீர்கள்.