கோலி சோடாவும் வயிற்றுக் கதவும்

கல்யாண விருந்தில் வயிறு புடைக்கச் சாப்பிட்டாயிற்று. நெஞ்சுக்குழியில் ஏதோ அடைத்தாற்போல் இருக்கிறது. "ஒரு சோடா குடி, எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார் மாமா. குடித்ததும் பெரிய ஏப்பம் வருகிறது, சுகமாகவும் இருக்கிறது. ஆனால் சிறிது நேரத்தில் நெஞ்சில் எரிச்சல், தொண்டையில் புளிப்பு!

மாணவர்களே, சோடா உதவி செய்ததா, உபத்திரவம் செய்ததா? நான் பௌதிக ஆசிரியன், மருத்துவன் அல்லன். ஆனாலும் இந்தக் கேள்விக்குள் பௌதிகம் நிறையவே இருக்கிறது.

கோலியும் தசை வளையமும்

கோலி சோடாப் புட்டியைப் பார்த்திருப்பீர்கள். 1872-இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. உள்ளே அடைபட்ட கரியமில வாயு, கோலியை மேல்நோக்கித் தள்ளிக் கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. அழுத்தம் கூடக்கூட அடைப்பும் இறுகும்.

நம் உடலிலும் இப்படி ஒரு கதவு உண்டு. தொண்டையிலிருந்து இரைப்பைக்குச் செல்லும் உணவுக்குழல் பெரியவர்களுக்குச் சுமார் 25 செ.மீ. நீளம். அதன் அடிமுனையில் ஒரு தசை வளையம், சுருக்குப்பையின் வாய்போல இறுகி நிற்கிறது. உணவு வரும்போது தளர்ந்து வழிவிடும், பின் மூடிக்கொள்ளும். ஆனால் கோலிக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு. வாயு சேர்ந்து இரைப்பையின் மேற்பகுதி உப்பினால், இந்த வளையம் இறுகுவதில்லை, தளர்ந்து திறக்கிறது! அதுதான் ஏப்பம்.

கதவு திறந்தால் வாயு மட்டும் வெளியேறும் என்பது என்ன நிச்சயம்? இரைப்பையிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலமும் மேலேறலாம். இரைப்பையின் உட்சுவருக்குக் கோழைப் படலம் கவசமாக இருக்கிறது. உணவுக்குழலுக்கு அத்தகைய கவசம் இல்லை. எனவே எரிகிறது. நெஞ்செரிச்சல் என்கிறோமே, அது இதுதான்.

ஒரு சிறு கணக்கு

"கோலாவும் புளிப்புத்தானே? அதன் அமிலம்தான் கெடுக்கிறதோ?" என்று நீங்கள் கேட்கலாம். கோலாவின் பி.எச். எண் ஏறத்தாழ 2.5. வெறும் வயிற்றில் இரைப்பை நீரின் பி.எச். 1.5 அளவுக்கு இருக்கும். ஓர் எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு! ஆகவே கோலாவின் புளிப்பு இரைப்பைக்குப் பெரிய விஷயமன்று.

வாயுவைப் பாருங்கள். 300 மி.லி. குளிர்பானத்தில் சுமார் 2 கிராம் கரியமில வாயு கரைந்திருக்கும். 44 கிராம் வாயு அறை வெப்பநிலையில் ஏறக்குறைய 24 லிட்டர் இடத்தை அடைக்கும். அப்படியானால் 2 கிராம்? ஒரு லிட்டருக்குச் சற்று மேல்! நுரையாகப் பாதி போனாலும் மீதி வயிற்றுக்குள்தான். ஏற்கெனவே விருந்து நிறைந்த வயிறு என்ன செய்யும்? கதவைத் திறந்துவிடும்.

சமையல் சோடாவைக் கரைத்துக் குடிப்பவர்களும் உண்டு. அது அமிலத்தை முறிப்பது உண்மையே. ஆனால் அந்த வினையில் வெளிப்படுவதும் அதே கரியமில வாயுதான். ஒரு புட்டியில் எலுமிச்சைச் சாறு ஊற்றி, சிறிது சமையல் சோடா இட்ட பலூனை அதன் வாயில் மாட்டிக் கவிழ்த்துப் பாருங்கள். பலூன் உப்புவது போலத்தான் வயிறும் உப்பும்.

வேறு எவை?

எண்ணெயும் நெய்யும் மிகுந்த உணவு இரைப்பையை விட்டு இறங்க நேரமாகும். சாக்லேட்டும் புதினாவும் தசை வளையத்தைத் தளர்த்தக் கூடியவை. காப்பி சிலருக்கு எரிச்சலைத் தூண்டும். சிலருக்கு ஒன்றும் செய்யாது. உண்டவுடன் படுத்தாலோ, புவியீர்ப்பு செய்துவந்த உதவியும் போய்விடும்.

மிளகாய்? அதிலுள்ள காப்சைசின், சூட்டை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. வெப்பமானி ஒரு டிகிரிகூட ஏறாது. மூளைக்கு மட்டும் "சுடுகிறது" என்று செய்தி போகும். ஏற்கெனவே புண்பட்ட இடத்தில் மிளகாய் வேதனையைக் கூட்டலாம். ஆனால் குடற்புண்ணுக்கு மிளகாயே காரணம் என்று நெடுங்காலம் பழி சுமத்தியது தவறு. பாரி மார்ஷல் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் 1984-இல் ஹெலிகோபாக்டர் என்ற நுண்கிருமியைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சிக்கு ஆளாகிக் காட்டினார்! அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. இக்கிருமியும், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளும்தான் குடற்புண்ணுக்கு முக்கியக் காரணங்கள்.

என் அனுபவம்

விடைத்தாள் திருத்தும் நாட்களில் நள்ளிரவு வரை காப்பியும் வடையுமாக இருந்துவிட்டு, அப்படியே சாய்வது என் வழக்கம். ஓர் இரவு நெஞ்சு எரிந்ததில் இதய நோயோ என்று பயந்தே போனேன். மருத்துவர் சோதித்துவிட்டு, "இதயத்தில் ஒன்றுமில்லை. படுக்கப் போவதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிடுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் கட்டை கொடுத்து 15 செ.மீ. உயர்த்துங்கள்" என்றார். புவியீர்ப்பைப் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்தியவனுக்கு, அதை வயிற்றுக்குப் பயன்படுத்தத் தோன்றவில்லையே!

ஆனால் ஒன்று. நெஞ்சு வலியை "வாயுக் கோளாறு" என்று சோடா கொடுத்துக் காலம் தாழ்த்தக் கூடாது. இதய வலியும் அப்படியே தோன்றக்கூடும். அதைப் பிரித்தறிய வேண்டியவர் மருத்துவர். அடுத்த முறை வீட்டில் யாராவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டால், சோடாக் கடைக்கு ஓடாதீர்கள். மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லச் சொல்லுங்கள்.