தொட்டிக்குப் புதிதாக வரும் மீன்களில் ஒட்டுண்ணிகள்

பெங்களூரில் வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் உள்ள கண்ணாடித் தொட்டிகளுக்கு வேண்டிய அலங்கார மீன்களில் ஒரு பகுதி சென்னைக் கொளத்தூரிலிருந்து வருகிறது. சிறிதளவு நீரும் எஞ்சிய இடத்தில் பிராணவாயுவும் நிரப்பிக் கட்டிய பிளாஸ்டிக் பைகளில் இம்மீன்கள் பயணம் செய்கின்றன. வந்து சேர்ந்ததும் பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, சற்று நேரம் சென்றபின் பையிலுள்ள நீரோடு மீனைத் திறந்துவிடுவது பலருடைய வழக்கம். மீன் புதிய உஷ்ணநிலைக்குப் பழக வேண்டும் என்னும் கருத்து சரியே. ஆனால் அப்பையில் வந்தது மீன் மட்டுந்தானா என்று பார்ப்போர் மிகச் சிலர். மூன்று வாரங்களுக்குப் பிறகு பழைய மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக மடியும்போது, பழி நீரின்மீதோ தீனியின்மீதோ விழுகிறது.

அயல்நாடுகளில் கடல்நீர்த் தொட்டிகளில் பவளங்களை வளர்ப்போர் இத்தொல்லையை நன்கு அறிவர். அக்ரோபோரா என்னும் பவளத்தின்மீது, அரை மில்லிமீட்டர் நீளமே உள்ள டெகாஸ்டெஸ் என்னும் செந்நிற உயிரும், பவளத்தின் நிறத்தோடு நிறமாய் ஒட்டிக்கிடந்து அதன் சதையைத் தின்னும் தட்டைப்புழுவும் வருகின்றன. புதுப் பவளத்தை மருந்துநீரில் முக்கினால் புழு உதிர்ந்துவிடும். அது இட்டுவைத்த முட்டைகள் உதிர்வதில்லை. ஆகவே பவளத்தைப் பல வாரங்கள் தனித்தொட்டியில் வைத்து, திரும்பத் திரும்ப முக்கி, முட்டைகளைச் சுரண்டி எடுக்கின்றனர். நம் நாட்டிலோ, பாறை உண்டாக்கும் பவளங்கள் 2001 ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றமாகும். எனவே நம் பள்ளித் தொட்டிகளில் அவற்றுக்கு இடமில்லை. எனினும் நன்னீர் மீன்களின் ஒட்டுண்ணிகளிலும் இதே முறை காணப்படுகிறது: மருந்துக்கு அகப்படுவது ஒரு பருவம், அகப்படாமல் காத்திருப்பது மற்றொரு பருவம்.

ஆர்குலஸ் எனப்படும் மீன் பேனை முதலில் எடுத்துக்கொள்வோம். பெயர் பேன் ஆயினும் இது பூச்சியன்று. நண்டும் இறாலும் அடங்கிய வகுப்பைச் சேர்ந்தது. வட்டமாய்த் தட்டையாய், ஏறக்குறைய 5 மி.மீ. அளவில், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உடலுடையது. ஆகவே மீனின் செதில் ஒன்று சற்று நகர்ந்ததுபோல் தோன்றினாலன்றி இதைக் காண்பது அரிது. பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸால் நோக்கினால் இரண்டு கருங்கண்களும், அடிப்புறத்தில் கிண்ணம்போன்ற இரண்டு உறிஞ்சிகளும் தெரியும். மாணவர்கள் ஒருமுறை கண்டால் மறக்கமாட்டார்கள். ஊசிபோன்ற உறுப்பால் தோலைக் குத்தி இது உணவைப் பெறுகிறது. மீன் நிலைகொள்ளாமல் கல்லிலும் செடியிலும் உடலை உரசுகிறது. பெண் பேன் முட்டையிடுவதற்கு மீனை விட்டு நீங்கி, கண்ணாடி, கல் போன்ற கடினமான பரப்புகளில் வரிசை வரிசையாக முட்டைகளை ஒட்டிவிட்டு மீண்டும் மீனைத் தேடிச் செல்லும். பொன்மீன் வியாபாரத்தின் வழியாகவே ஆர்குலஸ் ஜப்பானிகஸ் என்னும் இனம் உலகின் பல பாகங்களுக்கும் சென்றது. ரோகு முதலிய கெண்டை மீன் பண்ணைகளில் ஆர்குலஸ் சியாமென்சிஸ் விளைவிக்கும் நஷ்டமும் சிறிதன்று.

நங்கூரப் புழு என வழங்கும் லெர்னியாவும் அவ்வகுப்பைச் சேர்ந்ததே. உருவத்தில் மட்டுமே புழு. மீனின் உடலிலிருந்து ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வெண்மையான நூல் தொங்குவதுபோல் தோன்றும். அதன் தலைப்புறம் நங்கூரம்போல் கிளைத்துச் சதைக்குள் புதைந்திருக்கும். வெளிமுனையில் இரண்டு முட்டைப் பைகள் இருக்கும். தொங்குபவை யாவும் பெண் உயிர்களே. கண்ணுக்குத் தெரியாத இளம்பருவங்கள் நீரில் நீந்தியும் செவுள்களில் தங்கியும் வளர்கின்றன. ஆகையால் நூல் எதுவும் தொங்காத மீன் நோயற்ற மீன் என்று முடிவுசெய்வதற்கில்லை.

உப்புத் தூவியதுபோல் வெண்புள்ளிகள் கண்டால் அது இக்தியோப்தீரியஸ் என்னும் ஓரணு உயிர். அது தோலுக்கு அடியில் வளர்ந்து, பின்னர் உதிர்ந்து, தொட்டியின் அடியில் உறைக்குள் பலநூறாகப் பிரிகிறது. தோலுக்கு அடியில் இருக்கும்போதும் உறைக்குள் இருக்கும்போதும் மருந்து அதைத் தொடுவதில்லை. புதிய மீனைத் தேடி நீந்தும் பருவத்தில் மட்டுமே அது அழிகிறது.

நுண்ணோக்கி உள்ள பள்ளிகளில் மேலும் ஒரு சோதனை செய்யலாம். மீனின் பக்கத்திலிருந்து சிறிதளவு சளியைக் கண்ணாடித் தகட்டின் ஓரத்தால் மெல்ல வழித்துப் பார்த்தால் தட்டைப்புழுக்கள் நெளிவதைக் காணலாம். நான்கு கண்புள்ளிகள் இருப்பின் அது டாக்டிலோகைரஸ். செவுளில் மிகுதியாகத் தங்குவது, முட்டையிடுவது. கண்புள்ளி இன்றி, உடலுக்குள் குட்டியின் கொக்கிகள் தென்படுமாயின் அது கைரோடாக்டிலஸ். இவ்வேற்றுமை வெறும் பெயர் வேற்றுமையன்று. குட்டி போடும் புழுவுக்கு ஒரு சிகிச்சையே போதியதாகலாம். முட்டையிடும் புழுவுக்கு அது போதாது.

இங்கே பெங்களூரின் தட்பவெப்பத்தையும் கணக்கில் கொள்ளவேண்டும். ஆர்குலஸ் ஜப்பானிகஸின் முட்டை 35 டிகிரி சென்டிகிரேடில் சுமார் 10 நாட்களில் பொரிகிறது. 15 டிகிரியிலோ ஏறக்குறைய இரண்டு மாதங்கள் ஆகின்றன. லெர்னியாவின் வாழ்க்கை வட்டம் 25 முதல் 30 டிகிரி வரை உள்ள நீரில் 18 முதல் 25 நாட்களில் முடிகிறது. 20 டிகிரிக்குக் கீழே வளர்ச்சி வெகுவாகத் தடைப்படுகிறது. கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேல் அமைந்த இந்நகரில், டிசம்பர், ஜனவரி மாதங்களில் சூடேற்றி இல்லாத தொட்டியின் நீர் 20 டிகிரியை ஒட்டி நிற்பதுண்டு. சென்னையில் இரண்டாம் முறை மருந்திடும் நாளை அப்படியே இங்கும் கொண்டால், முட்டைகள் பொரிவதற்கு முன்னரே சிகிச்சை முடிந்துவிடும். குளிர்காலத்தில் நோய் அடங்கி, மார்ச்சில் திடீரெனத் தலைகாட்டுவதற்குக் காரணம் இதுவே எனலாம்.

ஆதலால் புதிய மீனைக் குறைந்தது நான்கு வாரங்களும், குளிர்காலத்தில் ஆறு முதல் எட்டு வாரங்களும் தனித்தொட்டியில் வைப்பது நலம். மீன் இனம் தாங்குமாயின் சூடேற்றியால் நீரை 28 டிகிரியில் நிறுத்திக் காலத்தைக் குறைக்கலாம். மணலும் செடியும் இல்லாத வெறுந்தொட்டியே ஏற்றது. வலையும் உறிஞ்சு குழாயும் தனியே இருத்தல் வேண்டும். இதில் சிக்கனம் பார்ப்பது வீண். தொட்டியில் ஒரு வழவழப்பான ஓட்டுத் துண்டையோ பலகையையோ நிறுத்தி வைத்தால், பேன்கள் அதன்மேல் முட்டையிடும். வாரம் ஒருமுறை அதை எடுத்துச் சுரண்டி வெயிலில் நன்கு உலர்த்த வேண்டும். பிரிட்டனில் டிரவுட் மீன் ஏரிகளில் இம்முறை கையாளப்பட்டிருக்கிறது, செலவில்லாத முறை.

மீன் பேனையும் நங்கூரப் புழுவையும், மீனை ஈரத்துணியில் பிடித்துக்கொண்டு இடுக்கியால் எடுக்கலாம். புழுவை உடலை ஒட்டிய இடத்தில் பற்றி மெல்ல இழுக்காவிடில் தலை உள்ளேயே தங்கி, புண் சீழ்ப்பிடிக்கும். ஒரு லிட்டருக்கு 30 கிராம் வீதம் உப்புக் கரைத்த நீரில் மீனைச் சில நிமிடங்கள் மட்டும் முக்கினால் தட்டைப்புழுக்களும் ஓரணு உயிர்களும் பெரும்பாலும் நீங்கும். மீன் பக்கவாட்டில் சாயத் தொடங்கிய உடனே நல்ல நீருக்கு மாற்ற வேண்டும். வெண்புள்ளிக்கு லிட்டருக்கு 2 அல்லது 3 கிராம் உப்பைத் தொடர்ந்து வைத்திருக்கலாம். கெளுத்தி இனங்களும் நீர்ச்செடிகளும் இதைப் பொறுப்பதில்லை. வளர்ந்த மீன் பேனுக்கும் நங்கூரப் புழுவுக்கும் உப்பை மட்டும் நம்புவது பயனற்றது. அவற்றின் இளம்பருவங்கள் தோலுரிக்க இயலாமற் செய்யும் டைஃப்ளூபென்சூரான் என்னும் மருந்து உண்டு. அதன் அளவு மிக நுண்ணியது. இறாலையும் தண்ணீர்ப் பூச்சிகளையும் அது கொல்லும். மீன்வள அதிகாரியின் யோசனையின்றி அதைப் பிரயோகிக்கலாகாது.

பழைய கையேடுகள் சில டைகுளோர்வாஸ், டிரைகுளோர்ஃபான் ஆகியவற்றைச் சிபாரிசு செய்கின்றன. 2018 ஆம் ஆண்டு மத்திய அரசு பிறப்பித்த ஆணையின்படி இவ்விரண்டும் 2020 டிசம்பர் 31 முதல் தடை செய்யப்பட்டுள்ளன. சிறுவர்கள் கையிடும் தொட்டியில் இவற்றுக்கு எந்நாளும் இடமிருந்ததில்லை என்பதே நம் கருத்து. ஃபார்மலினும் வகுப்பறைக்கு உகந்ததன்று.

தொட்டியில் நெளிவன எல்லாம் பகைகளல்ல. கண்ணாடியில் தத்திச் செல்லும் சைக்ளாப்ஸும், டாஃப்னியாவும் மீனுக்கு உணவு. ஹைட்ரா குஞ்சுகளுக்கு மட்டுமே கேடு. அதை அழிப்பதைவிட ஒரு பாடம் நடத்துவது மேல்.

தனித்தொட்டியின் நீரை ஏரியிலோ மழைநீர்க் கால்வாயிலோ கொட்டலாகாது. உலர்ந்த மண்ணில் ஊற்றிவிட வேண்டும். வேண்டாத மீனை ஏரியில் விடுவதும் அவ்வாறே தவறு. ஹெசரகட்டாவில் மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தின் வட்டார மையமும், கர்நாடகக் கால்நடை, மீன்வள அறிவியல் பல்கலைக்கழகத்தின் மீன்வள ஆராய்ச்சி மையமும் உள்ளன. ஐயம் எழுந்தால் அங்கே யோசனை கேட்கலாம். மீன் இறந்ததும் பேன்கள் அதை விட்டு நீங்கிவிடுவதால், செத்த மீனைக் கொண்டுசெல்வதில் பயன் குறைவு. ஒட்டுண்ணியை உடனே எடுத்து 70 சதவிகித ஆல்கஹாலில் இட்டு, மீனின் இனம், வாங்கிய நாள், கண்ட நாள், நீரின் உஷ்ணநிலை ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிய சீட்டைக் குப்பிக்குள்ளேயே போட்டுவைக்க வேண்டும். மையால் எழுதினால் கரைந்துவிடும்.