எண்ணெய் சூடாகும் வரை பொறுங்கள்!

2000களின் தொடக்கத்தில் வந்த பிஎம்டபிள்யூ எம்3 விளையாட்டுக் காரில் ஒரு விநோதம் உண்டு. என்ஜினை முடுக்கியதும் சுழற்சிமானியின் ஓரத்தில் சிறு விளக்குகள் வரிசையாக எரியும். கார் ஓட ஓட அவை ஒவ்வொன்றாக அணையும். பிறகுதான் என்ஜினை நிமிடத்திற்கு ஏறத்தாழ 8,000 சுற்று வரை விரட்டலாம். எரியும் விளக்குகள் சொல்வது ஒன்றே: எண்ணெய் இன்னும் சூடாகவில்லை, அவசரப்படாதே!

‘நம் ஊரில் வெயிலே 33 பாகை, எண்ணெய் எப்படிக் குளிர்ந்திருக்கும்?’ என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால், என்ஜின் எண்ணெய்க்கு 33 பாகை செல்சியஸ் என்பது குளிர்தான். அது நன்றாக வேலை செய்வது 90 முதல் 110 பாகைக்குள். தோசைக்கல்லில் ஊற்றிய எண்ணெய் சூடேறியதும் இளகி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். 5டபிள்யூ-30 வகை எண்ணெய் 100 பாகையில் இருப்பதைவிட 40 பாகையில் ஐந்தாறு மடங்கு பாகுத்தன்மை கொண்டது. அந்த நிலையில் அது குறுகிய துளைகளில் மெதுவாகத்தான் நகரும். அதற்குள் விரட்டினால் உலோகத்தோடு உலோகம் உரசும்.

குளிர்நீரின் முள் நடுவுக்கு வந்ததும் என்ஜின் தயார் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். நீரின் தன்வெப்பம் எண்ணெயைவிட அதிகம் என்று படித்திருப்பீர்கள். பிறகு ஏன் நீர் முதலில் சூடாகிறது? நீர், எரிபொருள் எரியும் இடத்தைச் சுற்றியே ஓடுகிறது. போதிய சூடு வரும்வரை வெப்பச்சீர்நிலைக் கருவி அதை ரேடியேட்டர் பக்கம் விடுவதில்லை. எண்ணெயோ பெரும்பாலும் என்ஜினின் அடித்தொட்டியில் கிடக்கிறது. ஆகவே எண்ணெய்க்குத் தனி வெப்பமானி தேவை. அதன் உணரி, சூடேறச் சூடேற மின்தடை குறையும் ஒரு சிறு பொருள்தான்.

இனி மறுபக்கம். 5.543 கிலோமீட்டர் நீளமும் 15 வளைவுகளும் கொண்ட சிப்பாங் பந்தயத் தடத்தில் சுற்றுக்குப் பின் சுற்றாக முழு வேகத்தில் ஓடும் காரை எண்ணிப் பாருங்கள். பல என்ஜின்களில் பிஸ்டன்களின் அடிப்புறத்தில் எண்ணெயைப் பீய்ச்சி வெப்பத்தை இறக்குகிறார்கள். போதாததற்கு, தாங்கிகளுக்கு இடையே நசுங்கி ஓடும் எண்ணெய் தன் உராய்விலேயே சூடேறுகிறது. 130 பாகையைத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். எண்ணெய்ப் படலம் மெலிகிறது, அழுத்தம் இறங்குகிறது. அதனால் வெப்பமானியோடு அழுத்தமானியையும் சேர்த்துப் பார்ப்பதே அறிவுடைமை. ஒவ்வொரு 10 பாகை உயர்வுக்கும் எண்ணெய் கெடும் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு.

இதற்கு எனக்குப் பிடித்த தீர்வு பழைய போர்ஷே 911 காரில் இருக்கிறது. 1998 வரை வந்த அந்த என்ஜின்கள் ‘காற்றால் குளிர்பவை’ எனப் பெயர் பெற்றவை. உண்மையில் பாதி வேலை எண்ணெயுடையது! என்ஜின் காரின் பின்புறம் இருக்கும். பிற்கால மாடல்கள் பலவற்றில் சூடான எண்ணெய் குழாய்கள் வழியே முன்சக்கரத்தின் அருகிலுள்ள குளிர்விப்பான் வரை பயணம் போய்த் திரும்பும். குளிர்ந்த எண்ணெய் அங்கே போகாதபடி ஒரு வெப்பத் தடுப்பிதழ் தடுக்கும்.

முள் மேலே ஏறினால் ஓட்டுநர் சட்டென்று நிறுத்திவிடக் கூடாது. நின்றால் குளிர்விப்பானுக்குக் காற்று கிடைக்காது. டர்போ இருந்தால், அதனுள் தேங்கிய எண்ணெய் கருகவும் கூடும். கியரை ஒரு படி உயர்த்தி, சுழற்சியைக் குறைத்து, ஒரு சுற்று மெதுவாக ஓட்டிய பிறகே நிறுத்த வேண்டும்.

சந்தைக்கும் வீட்டுக்கும் மட்டுமே ஓடும் விளையாட்டுக் காருக்கு வேறு தொல்லை. எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவி எண்ணெயில் கலந்து, மூடியின் அடியில் பால் காப்பி நிறத்தில் பசைபோல் படியும். எண்ணெய் 100 பாகையை ஒட்டிச் சிறிது நேரம் ஓடினால்தான் அந்த ஈரம் வெளியேறும்.