தெருமுனைக் கடையும் நம் வீட்டு உணவும்



சுப்ஹுத் தொழுகைக்குப் பின் மக்தப் மத்ரஸாவுக்கு வரும் சிறுவர்களிடம் ஒரு நாள், "காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டேன். பலரும் கூறிய விடை, எதிர்க்கடையில் ஐந்து ரூபாய்க்கு விற்கும் சிப்ஸ் பாக்கெட் என்பதுதான். அன்றுதான் அக்கடையைக் கூர்ந்து பார்த்தேன். வண்ணப் பாக்கெட்டுகள் சரம் சரமாகச் சிறுவனின் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கின. கடலை மிட்டாய் டப்பா உள்ளே மேல் தட்டில் இருந்தது. வாழைப்பழம் அங்கு விற்கப்படுவதே இல்லை.

நம் உணவை நாமே தேர்ந்தெடுப்பதாக எண்ணுகிறோம். ஆனால் எதை விற்பது என்று கடை முன்பே முடிவு செய்துவிடுகிறது. காய்கறி விற்காவிட்டால் வாடிவிடும், நட்டம் கடைக்காரருக்கு. பாக்கெட்டோ மாதக்கணக்கில் கெடாது. கம்பெனி வேன் வாசலுக்கே வந்து இறக்கிச் செல்லும். சந்தைக்குச் சென்றுவர நேரமோ பஸ் கட்டணமோ இல்லாத ஏழைத் தாய், அருகில் கிடைப்பதையே வாங்குகிறாள்.

ரேஷன் கடையைப் பாருங்கள். தமிழகத்தில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைதாரர்களுக்கு அரிசி இலவசம். பசியைப் போக்கிய நற்பணி இது. எனினும், கடையில் அரிசி கிடைத்தால் அடுப்பில் ஏறுவதும் அரிசிதான். 2023 மே மாதம் நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. கடையில் பொருள் மாறினால்தான் சமையலறையிலும் மாறும் என்பதற்கு இது ஒரு சான்று.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு மதிப்பிட்டது. நாளொன்றுக்குச் சேர்க்கும் சர்க்கரை சுமார் 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 300 மில்லி கோலா ஒன்றே அந்த அளவைத் தாண்டிவிடும். கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவுகளைப் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என 2020இல் விதி வகுக்கப்பட்டது. ஆனால் நம் வீட்டுத் தெரு அந்த 50 மீட்டருக்கு அப்பால் இருக்கிறதே!

கடையை மாற்றினால் மட்டும் போதுமா? போதாது. அமெரிக்காவில் காய்கறிக் கடைகள் இல்லாத பகுதிகளில் பேரங்காடிகள் திறக்கப்பட்ட பின்னரும் மக்கள் வாங்கும் பொருட்கள் பெரிதாக மாறவில்லை என்று 2019இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நாக்கு பழகிவிட்டால் திருப்புவது கடினம். எனவே குழந்தைப் பருவத்திலேயே தொடங்க வேண்டும்.

சிப்ஸ் ஹராம் என்று ஃபத்வா கூற நான் வரவில்லை. ஆனால் நம் மார்க்கம் ஹலாலோடு 'தய்யிப்' என்பதையும் சேர்த்தே வலியுறுத்துகிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருந்ததைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைக்காத வணிகரைக் கண்டித்தார்கள். அது குறையை மறைத்ததற்கான கண்டிப்பு. என்றாலும், எதை முன்னே வைக்கிறோம், எதை உள்ளே வைக்கிறோம் என்பதும் வணிகரின் அமானிதமே என்ற படிப்பினை அதில் நமக்கு உண்டு.

கடை வைத்திருக்கும் சகோதரர்களே! கடலை மிட்டாயையும் சுண்டலையும் வாழைப்பழத்தையும் பிள்ளைகளின் கைக்கு எட்டும்படி முன்னே வையுங்கள். பெற்றோர்களே! அவற்றைக் கேட்டு வாங்குங்கள். வாங்குவோர் இருந்தால்தான் அவரும் வைப்பார். பிள்ளையின் கையில் காசு கொடுக்கும் முன் வயிற்றுக்கு உணவு கொடுத்து அனுப்புங்கள்.

வல்ல அல்லாஹ் நம் சந்ததிகளுக்கு ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.