கட்டணமில்லா இணையப் புள்ளியியல் நூல்களும் அச்சுநூல்களும்: இடையஞ்சாவடிப் பகுதி மாணவரை முன்வைத்து

முன்னுரை

புள்ளியியல் பயில்வோருக்கு ஏற்றது இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் நூலா, விலைக்கு வாங்கும் அச்சுநூலா என்னும் வினா பெரும்பாலும் பணத்தை வைத்தே பேசப்படுகிறது. மொழியும் பயன்பாட்டு உரிமையும் இவ்வினாவில் அடங்கியுள்ளன. விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் உள்ள இடையஞ்சாவடி போன்ற ஊர்களிலிருந்து கல்லூரி செல்லும் தமிழ்வழி மாணவரை மனத்திற்கொண்டு இக்கட்டுரை அவற்றை விளக்குகிறது.

பள்ளியும் கல்லூரியும்

தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் பதினொன்றாம் வகுப்புக்கு 2018இலும், பன்னிரண்டாம் வகுப்புக்கு 2019இலும் புதிய புள்ளியியல் பாடநூல்களை வெளியிட்டது. அரசுப் பள்ளி மாணவர் அச்சுப்படியை விலையின்றிப் பெறுகின்றனர். மின்படியை எவரும் பதிவிறக்கலாம். ஆகவே மேல்நிலை வகுப்பில் இவ்வினா எழுவதில்லை. கல்லூரியில்தான் எழுகிறது. அங்கு விலைக்குரிய நூல்களும் கட்டணமில்லா இணைய நூல்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன.

கட்டணமின்மையின் இருவகை

ஸ்பிரிங்கர் நிறுவனம் 2013இல் வெளியிட்ட ‘ஆன் இன்ட்ரொடக்‌ஷன் டு ஸ்டாட்டிஸ்டிகல் லேர்னிங்’ நூலின் மின்படியை ஆசிரியர்கள் கட்டணமின்றி வழங்குகின்றனர். 2021இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஆழ்கற்றல், உயிர்வாழ்வுப் பகுப்பாய்வு முதலிய இயல்கள் சேர்ந்தன. முதற்பதிப்பின் அச்சுப்படியை மட்டும் வாங்கிய நூலகத்தில் இவ்வியல்கள் இரா. எனினும் இம்மின்படியைப் படிக்கலாமேயன்றி, மொழிபெயர்த்து வெளியிட உரிமையாளரின் இசைவு வேண்டும்.

2011இல் முதற்பதிப்புக் கண்ட ‘ஓப்பன்இன்ட்ரோ ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ படைப்பாக்கப் பொதும உரிமத்தில் அமைந்தது. மூலத்தைச் சுட்டி, அதே உரிமத்தில் வெளியிடும் எவரும் அதனை மொழிபெயர்க்கலாம், திருத்தியமைக்கலாம், அச்சிடலாம்.

உரிமையின் பயன்

இந்நூலின் நான்காம் பதிப்பு (2019) அமெரிக்கக் கடன் தரவுகளையும் அந்நாட்டு மாவட்டத் தரவுகளையும் கொண்டு தொடக்கக் கருத்துகளை விளக்குகிறது. அவற்றின் இடத்தில் ஆசிரியர் மரக்காணம் உப்பளத்தை வைக்கலாம். வடகிழக்குப் பருவமழையின்போது உப்பு உற்பத்தி நின்றுவிடும். அம்மாதங்களையும் சேர்த்துக் கணிக்கும் மாதச் சராசரி, உப்பு வாரும் மாதத்தின் நிலையையும் காட்டாது. பாத்திகள் நீரில் மூழ்கிய மாதத்தின் நிலையையும் காட்டாது. கூட்டுச்சராசரியின் வரம்பை அக்கரையோர மாணவருக்கு உணர்த்த இதுவே போதும். தகுந்த உரிமமுள்ள நூலில்தான் இம்மாற்றத்தைச் செய்து பிறருக்கும் வழங்க இயலும்.

அச்சுநூலின் இடம்

தேற்றம், அதன் நிறுவல், புள்ளியியல் அட்டவணை ஆகியவற்றை மாறிமாறிப் பார்ப்பதற்கு அச்சுநூல் எளிது. மின்சாரமும் இணைய இணைப்பும் அதற்குத் தேவையில்லை. அதன் பக்க எண் மாறாததால் ஆய்வேட்டில் மேற்கோள் காட்டவும் ஏற்றது. இணையநூலைச் சுட்டும் ஆய்வாளர் பதிப்பையும் பார்வையிட்ட நாளையும் தவறாது குறிக்க வேண்டும்.

முடிவுரை

அச்சும் இணையமும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. திறந்த உரிமமுடைய நூலைத் துறைகள் தமிழாக்கி, வேண்டிய இயல்களை மட்டும் அச்சிட்டு மாணவருக்கு வழங்கலாம். நூலைத் தெரிவு செய்யும் பாடக்குழு விலைப்பட்டியலுக்கு முன் உரிமப் பக்கத்தைப் படிப்பது நன்று. தமிழில் கற்று வந்த மாணவர் கல்லூரியிலும் தமிழில் புள்ளியியல் பயில்வதற்கான இசைவு அப்பக்கத்தில்தான் உள்ளது.