மாடியில் காற்றாலை... வாங்கும் முன் ஒரு கணக்கு!

‘மொட்டை மாடியில் வையுங்க, கரன்ட் பில்லை மறந்துடுங்க!’ - குட்டிக் காற்றாலைகளுக்கு இப்படித்தான் விளம்பரம் செய்கிறார்கள். நம்பிப் பணம் கட்டுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு.

காற்றின் வேகம் பாதியானால், அதிலுள்ள ஆற்றல் எட்டில் ஒரு பங்காகிவிடும். பெட்டியில் உள்ள ‘1,000 வாட்’ என்பது, பெரும்பாலும் மணிக்கு 40 கி.மீ. வேகக் காற்றுக்கான அளவு. உங்கள் மாடியில் 20 கி.மீ. வேகத்தில் வீசினால் 125 வாட், 10 கி.மீ. என்றால், சுமார் 15 வாட். ஒரு எல்.இ.டி பல்பு எரியும், அவ்வளவுதான்!

போதாக்குறைக்கு, பக்கத்துக் கட்டடங்களும் மரங்களும் காற்றைத் தடுத்துச் சிதறடிக்கும். முப்பந்தல் காற்றாலைகள் கணவாய்க் காற்றில், உயரமான கோபுரங்களில் நிற்பது சும்மா இல்லை.

‘என் மாடிக் காற்றுக்கு வருஷத்துக்கு எத்தனை யூனிட் வரும்?’ என்று விற்பவரிடம் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு பர்ஸைத் திறக்கலாம்.